வெள்ளத்தை நீக்கிவிட்டுப் பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறிய இயந்திரப் பட்டறை நடத்துகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பதுதான் தொழில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பட்டறைக்குள் மூன்றரை அடி தண்ணீர் நின்றது. 18 லட்சம் ரூபாய் இழப்பு என்று கிளெய்ம் கொடுத்தேன். 2024 ஜூலையில் 9.5 லட்சம்தான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு 9,000 ரூபாயாக இருந்த பிரீமியம் 16,500 ஆகிவிட்டது. காரணம் கேட்டால் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். வானம் பெய்ததற்கு நான் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? வெள்ளம், புயல் இரண்டையும் நீக்கிய வேறொரு பாலிசி எடுத்தால் பாதிப் பணம் மிச்சம் என்று முகவர் சொல்கிறார். வரும் நவம்பரில் புதுப்பிக்க வேண்டும். என்ன செய்யலாம்? பழைய கிளெய்மை இனித் திறக்க முடியுமா?

பதில்:

நீக்க வேண்டாம். உங்கள் பட்டறை இருக்கும் இடத்தில், நீங்கள் பாலிசி எடுப்பதற்கான முதல் காரணமே வெள்ளம்தான். அதை எடுத்துவிட்டால் மீதமிருப்பது முக்கியமாகத் தீ விபத்துக்கான காப்புதான். பத்தொன்பது ஆண்டுகளில் உங்கள் பட்டறையில் ஒரு முறைகூடத் தீப்பிடித்ததில்லை என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். தவிர, இயந்திரங்களின் பேரில் வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறது. அடமானச் சொத்துக்கு முழுமையான காப்பீடு இருக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லாக் கடன் ஒப்பந்தங்களிலும் உள்ள நிபந்தனை. முகவர் சொன்னபடி செய்தால் வங்கிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கென நடைமுறையில் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடிப்படைக் காப்பிலேயே அடக்கம். முகவர் காட்டுவது அதுவல்லாத வேறொரு பாலிசியாகத்தான் இருக்க வேண்டும்; அதன் விலக்குகள் பகுதியை வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

நீங்கள் இணைத்திருந்த சர்வேயர் (கிளெய்மில் இழப்பை மதிப்பிடுபவர்) அறிக்கையின் நகலை இரண்டு முறை படித்தேன். இருபத்தேழு ஆண்டுகள் அதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் கணக்குப் பிழை இல்லை. உங்கள் இழப்பில் பாதி தண்ணீரால் வந்தது என்றால், மறுபாதி காகிதத்தால் வந்தது. இயந்திரங்களை, அவற்றுக்காகக் கடன் வாங்கிய காலத்து விலையான 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்துவிட்டு, ஆண்டுதோறும் அதே எண்ணைப் புதுப்பித்து வந்திருக்கிறீர்கள். அதே திறனுள்ள இயந்திரங்களைப் புதிதாக வாங்க 60 லட்சம் ஆகும் என்று சர்வேயர் மதிப்பிட்டிருக்கிறார். மூன்று பங்குச் சொத்தில் இரண்டு பங்குக்குத்தான் நீங்கள் பிரீமியம் கட்டியிருப்பதால், இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும். மீதி ஒரு பங்குக்கு நீங்களே காப்பீட்டு நிறுவனம் என்று பொருள். எங்கள் தொழிலில் இதை ஆவரேஜ் என்பார்கள். இயந்திரச் சேதம் 15 லட்சம் என்பது 10 லட்சம் ஆனது இப்படித்தான். சூக்ஷ்ம பாலிசியில் குறைகாப்பீடு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு விழாது. உங்களுடையது 33 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்த 3 லட்சம் முழுமையாக மறுக்கப்பட்டதற்குக் காரணம் வேறு. அது உங்கள் சரக்கே அல்ல. வாடிக்கையாளர் கடைந்து தரச் சொல்லி அனுப்பிய கம்பிகளும் வார்ப்புகளும். உங்கள் பாலிசியில் சரக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள்களும் அதில் அடங்கும் என்ற வாசகம் இல்லை. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளில் தரையில் கிடக்கும் பொருளில் பெரும்பகுதி அடுத்தவருடையது என்பது பேட்டைக்குள் கால் வைத்த எவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பாலிசி எழுதும்போது அதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய சுயபொறுப்புத் தொகையாக 50,000 ரூபாய் கழிந்தபின் 9.5 லட்சம் மிஞ்சியிருக்கிறது.

இனி, பிரீமியம் ஏன் ஏறியது என்பதற்கு வருகிறேன். காப்பீடு என்ற ஏற்பாடு நிற்பதே ஒரு எளிய நம்பிக்கையின் மீதுதான்: ஆயிரம் பட்டறைகள் பணம் கட்டினால், ஓர் ஆண்டில் இரண்டு மூன்றில்தான் தீப்பிடிக்கும், மற்றவர்கள் கட்டிய பணத்தில் அந்த இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்துவிடலாம். தீ பட்டறை பார்த்துப் பிடிக்கும். வெள்ளம் அப்படி வருவதில்லை. வந்தால் ஒரே இரவில் பேட்டை முழுவதும் வரும். பணம் கட்டிய அத்தனை பேரும் மறுநாள் காலையில் ஒரே வரிசையில் கிளெய்ம் கேட்டு நிற்பார்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அந்த வெள்ளத்தின் மொத்தப் பொருளாதார இழப்பு 220 கோடி டாலருக்கு மேல் என்றும், அதில் ஏறத்தாழ 75 கோடி டாலரைக் காப்பீட்டுத் துறை ஏற்றது என்றும் சுவிஸ் ரீ நிறுவனம் கணித்தது. ரூபாயில் சொன்னால் சுமார் 5,000 கோடி, ஒரு நகரத்துக்கு, ஒரு சில நாள்களில். எந்த நிறுவனமும் இதைத் தன் ஓர் ஆண்டுப் பிரீமியத்திலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது.

அதற்காகத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களும் காப்பீடு எடுத்துக்கொள்கின்றன. மறுகாப்பீடு என்று பெயர். நம் நாட்டில் ஜிஐசி ரீ, வெளியே மியூனிக் ரீ, சுவிஸ் ரீ, லண்டன் லாயிட்ஸ் சந்தை எனச் சில பெரிய கைகள் உலகம் முழுவதிலிருந்தும் இத்தகைய ஆபத்துகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் புயல் அடிக்காத ஆண்டில் சென்னைக்குக் கொடுக்கலாம், சென்னை தப்பிய ஆண்டில் ஜெர்மனிக்குக் கொடுக்கலாம் என்பது கணக்கு. இப்போது அந்தக் கணக்குதான் இறுகிக்கொண்டிருக்கிறது. இயற்கைப் பேரிடர்களுக்காக உலகக் காப்பீட்டுத் துறை ஏற்ற இழப்பு, சுவிஸ் ரீ கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டோடு சேர்த்துத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டே இருக்கும்போது, ஓர் ஊரின் நல்ல ஆண்டு இன்னோர் ஊரின் கெட்ட ஆண்டைத் தாங்குவது கடினம். மறுகாப்பீட்டாளர் விலையை ஏற்றுகிறார். உங்கள் நிறுவனம் அதை உங்கள் மீது இறக்குகிறது. உங்கள் 16,500 ரூபாயில் ஒரு சிறு துளி எங்கோ அடித்த புயலுக்கானது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் 2015-இல் சென்னைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி எங்கோ இருந்தவர்கள் கட்டியது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இந்தத் துறைக்கு இது புதிதாகத் தெரிந்த செய்தியும் அல்ல. வானிலை மாற்றத்தால் வெள்ள இழப்புகள் கூடக்கூடும் என்று மியூனிக் ரீ 1973-லேயே எழுதிவிட்டது. 1992 ஆகஸ்டில் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளி 1,500 கோடி டாலருக்கு மேல் காப்பீட்டு இழப்பை ஏற்படுத்திப் பல நிறுவனங்களைத் திவாலாக்கியது. கடந்த காலக் கிளெய்ம்களின் சராசரியை வைத்து வரும் ஆண்டுக்கு விலை வைப்பது பேதைமை என்று அன்றுதான் உறைத்தது. அதன் பிறகு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தவை கணினி மாதிரிகள்: உங்கள் கட்டடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்ட உயரம், அருகிலுள்ள நீர்வழி ஆகியவற்றைக் கொடுத்தால், நடக்காத ஆயிரக்கணக்கான மழைகளைக் கற்பனையில் பெய்வித்து, சராசரி இழப்பைச் சொல்லும். நீங்கள் நேர்மையானவரா, கிளெய்மே கேட்காதவரா என்பதைவிட, உங்கள் பட்டறை நிற்கும் இடம் எது என்பதே விலையைத் தீர்மானிக்கும் காலம் இது. வானம் பெய்ததற்குத் தண்டமா என்று கேட்டீர்கள்; தண்டம் இல்லை, இடத்துக்கான வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பருவநிலை மாற்றம் என்ற ஒற்றைச் சொல்லால் முழு ஏற்றத்தையும் நியாயப்படுத்த முடியாது என்பதில் உங்கள் சந்தேகம் சரியானது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அந்த ஈரம் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் என்பது அடிப்படை இயற்பியல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்த பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. அதே சமயம், 2015 சென்னை மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு, அந்த மழையின் தீவிரத்தில் புவி வெப்பமயமாதலின் தடயம் தங்கள் தரவுகளில் தென்படவில்லை என்றும், காற்றிலுள்ள மாசுத் துகள்கள் அதை ஈடுகட்டியிருக்கலாம் என்றும் எழுதியது. மழை கூடியதைக் காட்டிலும், அந்த மழையின் வழியில் நாம் கொண்டுபோய் வைத்த சொத்து கூடியிருக்கிறது. ஏரி உபரி நீர் ஓடிய வாய்க்கால் சுருங்கியிருக்கிறது. அதன் கரையில் முன்பு 2 லட்சம் ரூபாய் சாதாரண லேத் நின்ற இடத்தில் இன்று கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் 25 லட்சம் ரூபாய் சிஎன்சி இயந்திரம், இடுப்பு உயரத்துக்குக் கீழே மின்னணுப் பலகைகளோடு நிற்கிறது. தண்ணீர் அதே மூன்றரை அடிதான், சேதம் பல மடங்கு.

இன்னொரு காரணத்தைத் துறையில் இருப்பவர்கள் வெளியே அதிகம் பேசுவதில்லை. 2006 முடியும்வரை தீக் காப்பீட்டின் விலையைச் சுங்கக் கட்டணம்போல ஒரு குழு நிர்ணயித்தது. 2007 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டுப்பாடு போய், நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடிக்கப் போட்டி போட்டுக்கொண்டு தள்ளுபடி கொடுத்தன. வெள்ளத்துக்கான காப்பை ஏறக்குறைய இலவச இணைப்பாகத்தான் பல ஆண்டுகள் நீங்கள் பெற்றிருக்கிறீர்கள். 9,000 என்பது மலிவு விலை. அதை நியாய விலை என்று பழகிவிட்டோம். அதனால்தான் 16,500 கொள்ளையாகத் தெரிகிறது.

நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்று செய்திகளில் படிக்கிறோம். வந்துவிட்டதே, இனி நூறாண்டுக்கு நிம்மதி என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள். அதையே முப்பது ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை தண்ணீர் பார்த்த பேட்டைக்கு அந்த நூறாண்டுக் கணக்கையே பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. முகவர் சொல்லும் பாதி மிச்சம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் சொச்சம். உங்கள் கடந்த இழப்பான 18 லட்சத்தை அந்தச் சேமிப்பால் ஈடுகட்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆகவே நவம்பரில் பிரீமியத்தைக் குறைப்பதைவிட, காப்புத் தொகையைச் சரியாக்குவதில் பேரத்தைத் தொடங்குங்கள். இயந்திரங்களுக்கு 60 லட்சம், உங்கள் சரக்குக்கு 5 லட்சம், பிறர் ஒப்படைத்த பொருளுக்குத் தனியாக 5 லட்சம் என 70 லட்சத்துக்கு எடுத்தால், தற்போது 45 லட்சத்துக்கு நீங்கள் கட்டும் அதே விகிதத்தில் ஏறத்தாழ 25,700 ரூபாய் வரும். கூடுதலாக 9,200. இந்த 9,200 ரூபாயை அன்றே கட்டியிருந்தால் 8 லட்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். இயந்திர விலைக்கு விற்பனையாளரிடம் இன்றைய விலைப்பட்டியல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாடிக்கையாளர் பொருளைப் பொறுத்தவரை, அவர்களே தங்கள் பாலிசியில் அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டால் இரட்டைச் செலவைத் தவிர்க்கலாம்.

பட்டறை ஐந்து வாரம் மூடிக்கிடந்தபோது கொடுத்த கூலியையும் இழந்த ஆர்டர்களையும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். இந்தப் பாலிசி அவற்றுக்குப் பொறுப்பேற்காது. இலாப இழப்புக் காப்பீடு என்று தனியே உண்டு. உங்கள் அளவிலான பட்டறைக்கு அது கட்டுபடியாகுமா என்பது கணக்குப் புத்தகம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இலாபத்தை எண்ணில் காட்ட முடியாதவருக்கு இலாப இழப்பையும் காட்ட முடியாது.

நிறுவனங்கள் மீது எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2015-க்குப் பிறகு மேற்குச் சென்னையில் ஒரு பட்டறைக்காரர், பெயர் வேண்டாம், மின் பலகைகளையும் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் நான்கரை அடிக்குத் தூக்கிச் சுவரில் பதித்தார், வாசலில் இரண்டடிக்கு இரும்புத் தடுப்பு வைத்தார். 2023-இல் அவருக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் ஒரே அளவுத் தண்ணீர். பக்கத்தவர் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இவருக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு இருவருக்கும் ஒரே விகிதத்தில் பிரீமியம் ஏற்றப்பட்டது. இடத்தைப் பார்க்கும் கணினி மாதிரி, அந்த இடத்தில் ஒருவர் செய்திருக்கும் முன்னேற்பாட்டைப் பார்ப்பதில்லை. இது நியாயமல்ல, துறைக்கே நல்லதுமல்ல. ஆனாலும் நீங்கள் அதைச் செய்யுங்கள், செய்தபின் அளவோடு படம் எடுத்து, புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு எழுத்து மூலம் கொடுத்துத் தள்ளுபடி கேளுங்கள். கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்காதவருக்குக் கிடைத்ததைப் பார்த்ததில்லை. சரக்கைத் தரையிலிருந்து தூக்கி அடுக்குப் பலகையில் வைப்பதும் வெறும் நல்ல பழக்கமாக முடிந்துவிடாது. சில பாலிசிகளில் அது நிபந்தனையாகவே இருக்கும்.

தண்ணீர் மறுபடி வந்தால் செய்ய வேண்டியது பற்றிச் சுருக்கமாக: வடிந்ததும் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். உங்கள் அறிக்கையில் உள்ளபடி, மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சர்வோ டிரைவ் ஒன்று எரிந்தது தண்ணீரால் அல்ல, அவசரத்தால். சுவரில் நீர் நின்ற கறையை அளவு நாடாவோடு படம் எடுங்கள், அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், நல்ல தண்ணீரில் கழுவித் துருத் தடுப்பு எண்ணெய் பூசுங்கள். கெட்டுப்போன பொருளை சர்வேயர் பார்க்குமுன் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

தனியாளாக நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பேட்டைச் சங்கமாகச் சேர்ந்தால் இன்னொன்று செய்யலாம். சேதத்தை அளக்காமல், குறிப்பிட்ட மழைமானியில் குறிப்பிட்ட அளவு மழை பதிவானாலே ஒப்புக்கொண்ட தொகையைக் கொடுத்துவிடும் குறியீட்டுக் காப்பீடு இப்போது இந்தியாவிலும் இருக்கிறது. நாகாலாந்து அரசு தன் மாநிலத்துக்கே இத்தகைய பாலிசியை எடுத்தது. சர்வேயரும் வேண்டாம், ஆவரேஜும் இல்லை, பணம் விரைவில் வரும், கூலி கொடுக்க உதவும். அதில் ஒரு ஓட்டை உண்டு. மழை அதிகம் பெய்யாமல், எங்கோ மேலே ஏரி உபரி நீர் திறக்கப்பட்டு உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்தால், மானி அசையாது, பணமும் வராது. ஆகவே மழையளவை மட்டும் வைக்காமல், பேட்டைக்குள் நீர்மட்டக் கருவி ஒன்றைப் பொருத்தி அதையே அளவுகோலாக்க முடியுமா என்று சங்கம் சார்பில் ஒரு தரகு நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். வழக்கமான பாலிசிக்கு மாற்றாக அல்ல, அதற்கு மேல் ஒரு சிறு தொகையாக.

பழைய கிளெய்மை இனித் திறக்க முடியுமா என்ற கடைசிக் கேள்விக்கு: காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்சம் வரையிலான குறைகளுக்குக் கட்டணமின்றி முறையிடலாம், ஒருவரே உரிமையாளராக உள்ள நிறுவனங்களும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம். ஆனால் நிறுவனத்தின் இறுதிப் பதிலிலிருந்து ஓராண்டுக்குள் போயிருக்க வேண்டும், உங்களுக்கு அது கடந்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். ஆவரேஜ் வெட்டை எதிர்த்துப் போவதில் பயனில்லை. வாடிக்கையாளர் பொருளுக்கான 3 லட்சத்துக்கு மட்டும், உங்கள் முதல் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒப்படைக்கப்பட்ட பொருள் என்று அன்று நீங்கள் எழுதிக் கொடுத்து, பாலிசியில் அவர்கள் விட்டிருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டத் தகுந்த விஷயம் அது.

புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவான செய்தி வந்தபின் காப்புத் தொகையைக் கூட்டச் சொன்னால் எந்த நிறுவனமும் தயங்கும். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் மறுபடி ஆய்வு, மறுபடி காத்திருப்பு என்றாகி, அதற்குள் வடகிழக்குப் பருவமழை உச்சத்துக்கு வந்துவிடும்.